பலகைக்கு அடியில்

...சத்தம் இன்னும் கூட்டணுமோ, இல்லை இதுவே போதுமோ, போனில் அந்த நகராட்சி ஆள் பேச்சுதான் வேண்டும் பாட்டு வேண்டாம் என்றான், பாட்டுக்கு அதுகள் பழகிவிடுமாம், மனுஷக் குரல்தான் ஆகாதாம், அதனால் கிராசியேலா ரேடியோவில் பாட்டு வராத இடமாகத் திருகித் திருகித் தேடி, நாலு பேர் கால்பந்தைப் பற்றி ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்த ஒரு நிலையத்தில் நிறுத்தி, பின்வாசல் மரத்தளத்தில் அந்த ஓட்டைக்கு நேர் மேலே வாளியைக் கவிழ்த்து அதன்மேல் வைத்துவிட்டு, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மதியம் சாப்பிட்டதும் உட்கார்ந்தது, வெயில் இப்போது எலுமிச்சை மரத்தைத் தாண்டி மதில்சுவருக்குப் போய்விட்டது. பலகைக்கு அடியில் குட்டி போட்டிருக்கிற கொயோட்டியிடம், நரிக்கும் ஓநாய்க்கும் நடுவான அந்தக் காட்டு நாயிடம், அசைவே இல்லை. கேட்கிறதா அவளுக்கு, குட்டிகளை வயிற்றோடு ஒட்டிப் படுக்க வைத்துக்கொண்டு, இந்தப் பொம்பளைக்கு இன்றைக்கு என்ன பிடித்தது, இத்தனை நாள் சும்மாதானே இருந்தாள் என்று நினைத்துக்கொண்டிருப்பாளோ... சும்மாதான் இருந்தேன், கிராசியேலா மனசுக்குள் பதில் சொன்னாள், உன்னை யார் போகச் சொன்னது, நானா சொன்னேன்?

சொன்னவன் பின்வீட்டு டிரெவர். நல்ல பையன்தான், அதில்தான் சிக்கல், கெட்டவனாக இருந்தால் முகத்தில் கதவைச் சாத்தியிருக்கலாம். லோப்பஸ் குடும்பம் விற்றுவிட்டுப் போன வீட்டைப் போன வருஷம் வாங்கி, வெளிச்சுவர் முழுக்கக் கறுப்புப் பெயின்ட் அடித்து... வீட்டுக்குப் போய் யாராவது கறுப்பு அடிப்பார்களா, அதுவும் லாஸ் ஏஞ்சலஸ் வெயிலில்... செவ்வாய்க்கிழமை காலையில் வாசலில் வந்து நின்றான், நெஞ்சில் கட்டிய துணிப்பையில் குழந்தை. "மிசஸ் மொன்டானோ, தப்பா எடுத்துக்காதீங்க," மொந்தானியோ என்று சொல்ல அவனுக்கு நாக்கு வராது, "பாப்பா இப்பத்தான் தவழ ஆரம்பிச்சிருக்கா. நேத்து சாயங்காலம் அந்தக் கொயோட்டி மதில் மேல நின்னு இவளையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. சனிக்கிழமை பொறி வைக்கிற ஆளை வரச் சொல்லிட்டேன். உங்க இடத்துல வேணாம், எங்க பக்கம்தான், அது தினமும் இந்த வழியாத்தானே போகுது." பிடித்து எங்கே விடுவார்கள் என்று கேட்டாள், மலைப்பக்கமா? அவன் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே, "விட மாட்டாங்க, வேற இடத்துல கொண்டுபோய் விடக் கூடாதாம், சட்டம்," என்றான். கொன்றுவிடுவார்கள் என்பதை அவளாகத்தான் புரிந்துகொண்டாள். தாய் பொறியில் மாட்டினால் பலகைக்கு அடியில் இருப்பதுகள் என்ன ஆகும் என்று அவனும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை, குழந்தை எட்டி அவள் காதுவளையத்தைப் பிடித்து இழுத்தது, அப்பா, அந்த விரலுக்கு என்ன பலம்.

அவன் போனதும் நகராட்சிக்குப் போன் போட்டாள். எடுத்தவன் அலுப்பில்லாமல் பேசினான், நாங்க வந்து பிடிக்கிறதில்லம்மா, நீங்களே அதுக்குத் தொந்தரவு குடுங்க, ரேடியோ வைங்க, பக்கத்துல ஆள் உக்காந்திருக்கட்டும், பலகையைத் தட்டுங்க, கத்துங்க, அது தானா குட்டிகளைத் தூக்கிட்டுப் போயிடும், போன உடனே ஓட்டையை அடைச்சிடுங்க, இல்லன்னா திரும்பி வந்துடும். எங்கே போகும் என்று கேட்டாள். "அதுக்கு இன்னொரு இடம் எப்பவும் தெரிஞ்சிருக்கும்மா," என்றான். எப்பவும் தெரிந்திருக்கும்... போனை வைத்த பிறகும் அந்தச் சொல் கூடவே வந்தது. ஐம்பத்தெட்டு வயசில் தனக்கு எந்த இடம் தெரியும், எல் செரெனோவில் இந்த ஒரு தெரு, ஓட்டல் சலவைக்கூடம், ஞாயிற்றுக்கிழமை கோயில். விட்டுப்போன புருஷன் எஃப்ராயினுக்குத் தெரிந்திருந்தது. இந்த மரத்தளத்தைப் போட்டவன் அவன்தான், எங்கெங்கோ கழித்துப்போட்ட பலகையைக் கொண்டுவந்து, நில அதிர்வு வந்தாலும் நிக்கும்டி என்று பெருமையடித்து, ஒரு மூலையை மட்டும் நாளைக்கு முடிக்கிறேன் என்று விட்டுவைத்தான், அந்த மூலையைத்தான் கொயோட்டி வாசலாக்கிக்கொண்டது. இப்போது பொமோனாவில் வேறொருத்தி வீட்டுக்கு மரத்தளம் போட்டுக்கொண்டிருப்பான். அங்கேயும் ஒரு மூலை பாக்கி இருக்கும். நினைத்ததும் சிரிப்பு வந்தது, பக்கத்தில் சொல்லிச் சிரிக்க ஆளில்லாததால் சிரிப்பு பாதியில் நின்றது, ரேடியோவில் ஒரு வக்கீல் கார் விபத்தா, காயமா, உடனே கூப்பிடுங்கள் என்று அலறினான்.

கூப்பிடுகிறவள் யாதிராதான். ஹூஸ்டனில் இருக்கிற மகள். முன்னெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மட்டும், பிரஷர் பாத்தியா, பாத்தேன், மழையா, இல்லை, சரிம்மா உடம்பைப் பாத்துக்கோ, அவ்வளவுதான், போனை வைத்த பிறகும் காதில் வைத்துக்கொண்டே கிராசியேலா கொஞ்ச நேரம் நிற்பாள். மார்ச் மாதம் ஒருநாள், பேச ஒன்றும் இல்லாமல் போய், பலகைக்கு அடியில் ஏதோ முனகுது, பெருச்சாளி இல்லை, காதெல்லாம் நீளமா நாய் மாதிரி ஒண்ணு வந்து போகுது என்று சொல்லிவைத்தாள். அந்தப் பக்கம் யாதிரா கத்திய கத்து! அம்மா, கொயோட்டியா? நம்ம வீட்டுலயா? வீடியோ எடும்மா, கிட்டப் போகாத, ஆனா எடு. மறுநாளே கூப்பிட்டாள். அதற்கு மறுநாளும். குட்டிகள் முதல்முதலாக வெயிலுக்கு வந்து ஒன்றின் வாலை ஒன்று கடித்து உருண்ட அன்றைக்கு இரண்டு தடவை. ஆபீஸில் எல்லாரும் கேட்கிறார்களாம், உங்க அம்மா வீட்டுக் கொயோட்டி என்ன பண்ணுதுன்னு. குட்டிகளைப் பற்றிப் பேசி முடித்த பிறகுதான் வேறு பேச்சும் வரும், கூட இருக்கிற டேவிட்டோடு சண்டை, தூக்கம் வராதது, கூட வேலை செய்கிறவள் பண்ணும் அக்கிரமம். பன்னிரண்டு வயசுக்கு அப்புறம் இந்தப் பெண் தன்னிடம் இப்படிப் பேசியதே இல்லை... நாளைக்கு என்ன பேசுவோம்? எலுமிச்சை காய்த்ததையா?

"செவிடாயிட்டியாடி நீ? என் அடுப்படி வரைக்கும் கேக்குது!" பக்கவாட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு நெல்டா வந்தாள், அடுத்த வீட்டுக்காரி, கையில் ஒரு பாத்திரமும் கரண்டியும். எனக்கு இல்ல, அவளுக்கு, என்று கிராசியேலா பலகையைக் காட்டினாள். "அவளாம்! பேரும் வெச்சிருப்பியே. சொல்லு, என் பூனையைத் தின்னவளை நானும் பேர் சொல்லிக் கூப்பிடுறேன்." பேரெல்லாம் வைக்கல, உன் பூனை உன் சமையலுக்குப் பயந்து ஓடிப்போயிருக்கும். நெல்டா சிரித்தாள், சிரித்து முடித்ததும் முகம் தொங்கிப்போயிற்று, பிளாங்கிட்டா அவள் தலையணையில் தலை வைத்துத் தூங்கின பூனை, சொல்லியிருக்கக் கூடாது. நெல்டா குனிந்து பலகை மேல் பாத்திரத்தை வைத்துக் கரண்டியால் நாலு போடு போட்டாள், "வெளிய வாடி, வாடகை குடுக்காதவளே!" கை வலித்ததும் நிறுத்திவிட்டு மூச்சு வாங்கினாள். "மருமக போஸோலே சூப் பண்ணியிருக்கா, வந்து ஒரு கிண்ணம் குடி. நேத்துலேர்ந்து உன் மூஞ்சி சரியில்ல." இது போகட்டும், வர்றேன். "போகலன்னா?" போகும். நெல்டா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். "போகணும்னு நீ நெனைக்கிற மாதிரி தெரியல," என்றாள், பாத்திரத்தை அங்கேயே வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

யார் சொன்னது நினைக்கவில்லை என்று, நாளைக்கு மறுநாள் சனிக்கிழமை, நினைக்காமல் என்ன... கிராசியேலா எழுந்து பலகையை மிதித்தாள். முதலில் மெதுவாக, அப்புறம் பாதம் வலிக்கிற மாதிரி. கத்தவும் சொன்னானே அந்த ஆள், என்னவென்று கத்துவது, கத்தி எவ்வளவு காலமாயிற்று, சலவைக்கூடத்தில் மெஷின் சத்தத்துக்குக் கத்துவது கத்தலில் சேருமா... "போ!" என்றாள். தன் குரல் மாதிரியே இல்லை. "எடுத்துக்கிட்டுப் போ! எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுப் போயிடு! இங்க இருந்தா செத்துப்போவீங்க, கேக்குதா, இங்க உனக்கு ஒண்ணும் இல்ல, போ!" கீழே ஒரு குட்டி கீச்சென்று அழுதது. தூக்கிய கால் தூக்கியபடியே நின்றது. அவள் காலை மெல்ல இறக்கி நாற்காலியில் உட்கார்ந்தாள். வானத்தில் போலீஸ் ஹெலிகாப்டர் ஒன்று யாரையோ தேடி வட்டமடித்துவிட்டுப் போயிற்று.

வெயில் மதிலின் உச்சிக்கு ஏறின நேரத்தில் அவள் வந்தாள். மூலை ஓட்டையிலிருந்து முதலில் மூக்கு, அப்புறம் அந்தப் பெரிய காதுகள், அப்புறம் விலா எலும்பு தெரிகிற உடம்பு, பால் கொடுத்துக் கொடுத்து இப்படி வற்றிப்போயிருக்கிறாளே. மஞ்சள் கண்ணால் கிராசியேலாவை ஒரு தடவை பார்த்தாள், பார்த்ததில் கோபம் இல்லை, ஒன்றுமே இல்லை, நாற்காலியைப் பார்க்கிற மாதிரிதான். உள்ளே போனாள். திரும்பி வரும்போது வாயில் பிடரியைக் கவ்விய குட்டி, கால்கள் துவண்டு தொங்க. மதிலின் இடிந்த பக்கமாகத் தாவி, கடுகுச்செடி காய்ந்து நிற்கிற மேட்டுப்பக்கம் மறைந்தாள். ரேடியோவை அணைக்கலாமா, கூடாது, அணைத்தால் மனசு மாறிவிடும் அவளுக்கு. மறுபடி வந்தாள், மறுபடி ஒன்று. ஐயோ வீடியோ, யாதிரா கேட்பாளே... போன் உள்ளே சார்ஜில் இருந்தது, ஓடி எடுத்துக்கொண்டு வருவதற்குள் மதில் மேல் ஒரு வால் மட்டும் தெரிந்து மறைந்தது. அது புதுக் குட்டியோடு போன வாலா, வெறுமனே போன வாலா? அதற்குப் பிறகும் ஒரு தடவை வந்தாள், உள்ளே போய் வெகுநேரம் இருந்தாள், வெளியே வந்தபோது வெளிச்சம் போய்விட்டிருந்தது, வாயில் ஏதோ இருந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. போனாள். கிராசியேலா காத்திருந்தாள். தெருவிளக்கு எரிந்தது, நெல்டா வீட்டிலிருந்து போஸோலே வாசனை வந்தது, அவள் வரவில்லை.

ரேடியோவை அணைத்ததும் வந்த அமைதியைக் கேட்க முடியவில்லை, எழுந்து செங்கல்லையும் கம்பிவலையையும் இழுத்து மூலைக்குக் கொண்டுவந்து மண்டியிட்டாள். எத்தனை குட்டி? முதலில் நாலு என்றுதான் யாதிராவிடம் சொன்னாள், அப்புறம் ஒருநாள் வெயிலில் உருண்டபோது ஐந்து என்று தோன்றியது, ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் எப்படி எண்ணுவது. இன்றைக்குப் போனது மூன்றா, நாலா? ஓட்டைக்குள் இருட்டு, மண்ணும் பாலும் கலந்த ஒரு வாடை. காதை வைத்துக் கேட்டாள். ஒன்றும் இல்லை. தூங்கும் குட்டியும் சத்தம் போடாதுதானே. உள்ளே ஒன்று இருந்து அடைத்துவிட்டால்? அடைக்காமல் விட்டு அவள் எல்லாவற்றையும் மறுபடி இங்கேயே தூக்கிக்கொண்டு வந்துவிட்டால், சனிக்கிழமை... போன் அடித்தது.

"அம்மா, என்னாச்சு? போயிடுச்சா? எல்லாம் போயிடுச்சா?" யாதிராவின் குரல் மூச்சு வாங்கியது, கார் நிறுத்துமிடத்திலிருந்து மாடிக்கு ஏறிக்கொண்டே பேசுகிறாள், வீட்டுக்குள் போகும்வரைகூடப் பொறுக்கவில்லை. போயிடுச்சு என்று சொல்லத்தான் கிராசியேலா வாயைத் திறந்தாள். சொன்னால், பாவம்மா, என்பாள், நல்லா இருக்கட்டும், என்பாள், அதற்குப் பிறகு ஒரு சின்ன இடைவெளி வரும், சரிம்மா, உடம்பைப் பாத்துக்கோ. "ஒண்ணு உள்ளயே இருக்கிற மாதிரி தெரியுது," என்றாள். "ஐயையோ! அடைச்சிடாதம்மா! அம்மாக்காரி கண்டிப்பா வருவா, நீ அங்கயே இரு, நான் குளிச்சிட்டு உடனே கூப்பிடுறேன், தூங்கிடாத." தூங்கல, நீ சாப்பிட்டுட்டே கூப்பிடு. போன் அணைந்தது. பொய்யா சொன்னேன்? இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், அது எப்படிப் பொய்யாகும்... டார்ச் சமையலறை இழுப்பறையில் இருந்தது, கையை நீட்டி உள்ளே அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். தாய் விட்டுவிட்டுப் போன குட்டி தனியாக எவ்வளவு நேரம் தாங்கும் என்று அவளுக்குத் தெரியும், அப்படியொன்று அங்கே இருக்கக் கூடாது என்றுதான் எந்த மனுஷியும் வேண்டிக்கொள்வாள், தான் வேண்டிக்கொண்டிருப்பது அதுவல்ல என்று செங்கல்லை மடியில் வைத்துக்கொண்டு மண்டியிட்டிருந்த கிராசியேலாவுக்கு அப்போது தெரிந்தது, தெரிந்தும் டார்ச்சை எடுக்க எழுந்திருக்கவில்லை.