தம்பி எழுதிய தேர்வு

கல்லூரி அலுவலகத்தில் குமாஸ்தா நீட்டிய தாளை அவன் வாங்கிப் படித்தான். ஒன்பது வருடங்களுக்கு முன் அவனே எழுதிக் கொடுத்த வாக்குமூலம். ‘என் தம்பி எனக்குத் தெரியாமல் என் பெயரில் தேர்வு எழுதினான்.’ விட்ட படிப்பைத் தொடர வேண்டுமென்றால் அதை உறுதிசெய்து கீழே இன்னொரு கையெழுத்துப் போட வேண்டுமாம்.

நடந்தது வெட்கக்கேடு. நானூறு மீட்டர் இறுதிப் போட்டியும் கணக்குத் தேர்வும் ஒரே நாளில் வந்து தொலைத்தன. அண்ணன் ஓடப் போனான்; அச்சு அசலாய் அவனைப் போலவே இருந்த முதலாமாண்டுத் தம்பி தேர்வறைக்குப் போனான். யோசனை பயிற்சியாளருடையது. மாட்டேன் என்ற தம்பியைக் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்தது இவன். இரண்டு புத்திசாலிகளுக்கும் மைதானத்தை ஒட்டித்தான் தேர்வறை என்பது தோன்றவில்லை. ஒலிபெருக்கியில் முதலிடம் வந்தவன் பெயரை மூன்று தரம் முழங்கினார்கள். தேர்வறைக் கண்காணிப்பாளர் தம்பி வைத்திருந்த ஹால் டிக்கெட்டை எடுத்துப் பார்த்தார். அதே பெயர்.

விசாரணையில் பயிற்சியாளர் சொல்லச் சொல்ல இவன் எழுதினான். தம்பியை அடியோடு நீக்கினார்கள். இவனுக்கு ஒரு வருடத் தடைதான். அதற்குள் முழங்கால் போயிற்று, படிப்பும் போயிற்று, கிடங்கில் காவல் வேலைதான் மிஞ்சியது. இப்போது பட்டத்தோடு வந்தால் விளையாட்டு ஆசிரியர் வேலை தருவதாக ஒரு பள்ளியில் சொல்லியிருந்தார்கள்.

பயிற்சியாளர் இப்போது துணை முதல்வர். பல்லைக் குத்திக்கொண்டே வந்தார். குச்சியில் வந்ததை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி வாய்க்குள்ளேயே போட்டுக்கொண்டார்.

“என்னடா மின்னல், பேனா கனக்குதா? பழைய பொய்தானே, புதுசா எதுவும் கேக்கலையே,” என்றவர், குமாஸ்தாவிடம், “கையெழுத்தானதும் உள்ள அனுப்பு,” என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

சீ, இதுவும் ஒரு பிறவியா என்று இருந்தது. ஆனால் தன் கை அதற்குள் பேனா மூடியைக் கழற்றியிருந்ததைப் பார்த்ததும் அந்த அருவருப்பு முழுக்கத் தன் மேலேயே திரும்பியது. வெளியே வந்து தம்பியைப் போனில் அழைத்தான். தம்பிக்கு டயர் கடையில் வேலை.

“போட்டுடுண்ணா. எனக்குப் பழகிப் போச்சு.”

“உனக்குக் கோவமே இல்லையாடா?”

“கோவப்பட்டு என்ன பண்ண? அப்பாகிட்ட மட்டும் நிஜத்தச் சொல்லிடு. நான்தான் உன் வாழ்க்கையக் கெடுத்தேன்னு இன்னும் நம்பறாரு. போன வாரம் வண்டிக்குக் காத்தடிக்க வந்தாரு. நான் எதிர்லதான் நிக்கறேன். பக்கத்துல இருந்தவர்கிட்ட, ‘எவ்வளவு காத்து இருக்குன்னு அவனக் கேளு’ன்னாரு.”

வெல்லம் தின்றவன் ஒருவன், விரல் சூப்பியவன் ஒருவன். அந்த அப்பாவோடுதான் இவன் ஒன்பது வருடமாக ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டான். அவர் கையாலேயே முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டான். ஒரு நாள்கூட வாயைத் திறக்கவில்லை. தன் முகத்தில் தானே காறித் துப்பிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

உள்ளே போய் அந்த வரியை அடித்தான். கீழே எழுதினான்: ‘மேலே உள்ளது பொய். தம்பியை அனுப்பியது நான். அனுப்பச் சொன்னது பயிற்சியாளர்.’ கையெழுத்துப் போட்டு நீட்டினான்.

குமாஸ்தா இரண்டு தடவை படித்தார். “இதக் குடுத்தா உங்களுக்கு இங்க இடம் கிடைக்காது, தெரியுமில்ல?”

“தெரியும். உள்ள அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு நகல் எடுத்துக் குடுங்க. எங்க அப்பாவுக்கு.”