காலியாகத் திருப்பித் தரவும்

“மத்தியானத்துக்கு அப்புறம் நீ யாரும்மா?” என்று ரூபி ஒருமுறை கேட்டாள். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்த நேரம்.

நியாயமான கேள்விதான். அவள் அம்மா ஞானக்கனிக்குப் பகல் பன்னிரண்டு மணி வரைக்கும்தான் பெயர் இருந்தது. ஜவுளிக்கடையில் அவளுக்கு அரைநாள் வேலை. காலையில் போனதும் மேலாளர் அலமாரியைத் திறந்து அவள் பெயரை எடுத்துக் கொடுப்பார். பன்னிரண்டு அடித்ததும் வாங்கி, மடித்து, உள்ளே வைத்துப் பூட்டுவார். பெயரை வீட்டுக்குக் கொண்டுபோகும் வசதி முழுநாள் ஆட்களுக்கு மட்டும்தான். “கறை படாமப் பாத்துக்கிடுவேன்மா, கவலைப்படாதே” என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார். தம் அளவில் நல்ல மனிதர்.

கதைக்குத் தேவைப்படுவதால் பிற்பகலிலும் நாம் அவளை ஞானக்கனி என்றே சொல்வோம். மேலாளர் மன்னிக்க வேண்டும்.

கேள்வி கேட்ட தலையை ஞானக்கனி நேராகத் திருப்பி வைத்தாள். “தலையை ஆட்டாதட்டி” என்று மட்டும் சொன்னாள்.

அவர்கள் குடியிருந்த வளவு வைகுண்டமணிக்குச் சொந்தம். ஒரே முற்றம், வாசல்களுக்கு முன்னால் ஒரே நடை, வரிசையாக வீடுகள். வீட்டை மொத்தமாக வாடகைக்கு விடும் பழக்கம் அவரிடம் இல்லை. சுவருக்குத் தனி. கூரைக்குத் தனி. ஜன்னலுக்கு எல்லாவற்றையும்விடக் கூடுதல். அதன் வழியாகக் காற்று சும்மா வந்துகொண்டிருப்பது அவர் மனத்தை உறுத்தியது.

“ஜன்னல் வாடகை பாக்கி நிக்கி. தரலைன்னா ஒண்ணாந்தேதி வந்து ஜன்னலை எடுத்துக்கிடுவேன்” என்றார்.

“அதுக்குக் கீழதான் அண்ணாச்சி பிள்ளை படுக்கா. அவளுக்கு இழுப்பு உண்டும்லா?”

“கம்பியும் கதவும் இருக்கட்டும். நான் திறப்பை மட்டும்தான் எடுப்பேன். பாக்கதுக்கு ஜன்னல் மாதிரியேதான் இருக்கும்.”

“காத்து?”

“காத்தை யாராவது பாத்திருக்காங்களா? பாக்காத பொருளுக்கு ஏன் அழுகே?”

அரைநாள் சம்பளம் சுவருக்கும் கூரைக்கும் சரியாக இருந்தது. ஜன்னலுக்கு வேறு வழி பார்க்க வேண்டும்.

மின்கம்பத்தில் ஒரு சுவரொட்டி இருந்தது. “வீட்டில் சும்மா இருக்கும் பெண்களே! சும்மா இருந்தே சம்பாதியுங்கள்!” ஞானக்கனி நின்று படித்தாள். வீட்டில் அவள் ஒருநாளும் சும்மா இருந்ததில்லை. தனக்குத் தகுதி இருக்குமா என்று சந்தேகப்பட்டாள். ஆனாலும் போனாள்.

இல்ல வருவாய் நிலையம் ஓர் இரண்டு மாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது. பெஞ்சில் நிறையப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவளும் உட்கார்ந்தாள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. வெயில் தரையில் நகர்ந்து சுவரில் ஏறி வெளியே போய்விட்டது. பிறகு கதவு திறந்தது.

கழுத்துப்பட்டை கட்டிய ஒருவர் நின்றார். பட்டை கீழே தொங்காமல் கூரையை நோக்கி நிமிர்ந்து நின்றது. அவருக்கு மேல் இருக்கும் அதிகாரி அந்தப் பக்கம்தான் இருந்தார் போலும். பட்டைக்காரரின் பெயர் தயாபரன்.

“உள்ள வாங்க. ரொம்ப நல்லாக் காத்திருந்தீங்க.”

“யாரும் கூப்பிடலையே சார்.”

“கூப்பிட்டா அது காத்திருப்பு ஆகுமா? இவ்வளவு நேரம் நீங்க காத்திருந்தது ஒரு வக்கீலோடது. டாக்டர் வீட்டு வாசல்ல அவர் உக்கார வேண்டியதை நீங்க இங்க உக்காந்து முடிச்சுட்டீங்க. மாதிரி வேலை.”

“அதுக்குச் சம்பளம் உண்டா சார்?”

“ருசி பாக்கக் கொடுத்த கடலைக்கு யாராவது காசு கேப்பாங்களா? பேரு என்ன?”

“நாளைக்குக் காலையிலதான் கிடைக்கும்.”

“பரவாயில்லை. இங்க பேரு தேவையில்லை. நீங்க வேலைக்காரி இல்ல, தெரியுதா? நீங்களே உங்களுக்கு முதலாளி.”

“அப்போ சம்பளமும் நான்தான் கொடுக்கணுமா?”

தயாபரன் அவளை மெச்சும் பார்வை பார்த்தார். “சீக்கிரம் புரிஞ்சுக்கிறீங்க” என்றார்.

பிறகு விளக்கினார். வேலை எளிது. வசதியானவர்களுக்குக் காத்திருக்க நேரமில்லை. அவர்களுடைய காத்திருப்புகளை நிலையம் தூக்குவாளிகளில் அடைத்து வீடுவீடாக அனுப்பும். வீட்டில் இருப்பவர்கள் அதைக் காத்திருந்து தீர்க்க வேண்டும். வாளிக்கு இவ்வளவு என்று ஒரு தொகையும் சொன்னார். ஜன்னலுக்குப் போதும்.

“ஒரே ஒரு சட்டம்தான். பாத்திரம் காலியாத் திரும்பணும்.”

மறுநாள் பிற்பகலிலேயே வேனில் வாளிகள் வந்தன. ஞானக்கனி ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்து மடியில் ஒன்றை வைத்துத் திறந்தாள். ஓர் அதிகாரி இடமாற்றத்துக்குக் காத்திருந்தார். அது புளித்த மாவு போல மணத்தது. அடுத்ததில் ஓர் அம்மாள் வேலைக்காரிக்காகக் காத்திருந்தாள். அது சின்னதாகவும் காரமாகவும் இருந்தது. ஞானக்கனி அசையாமல் காத்திருந்தாள். வாளியில் மட்டம் மெல்ல இறங்கியது. ஊரில் சிலர் பொறுமைசாலிகள் என்று எப்படிப் பெயர் எடுத்தார்கள் என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

முதலாளி என்ற முறையில் தினமும் ஒருமுறை அவள் தன்னைத் திட்ட வேண்டும் என்பது நிலையத்தின் ஏற்பாடு. கண்ணாடி முன் நின்று திட்டினாள். தொழிலாளி என்ற முறையில் தலைகுனிந்தாள். உடனே கண்ணாடியில் முதலாளியும் தலைகுனிந்தாள். இப்படி ஒரு முதலாளி இருப்பது நிலையத்தின் கவனத்துக்கு வரவில்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது.

அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது. வளவில் யாரும் அப்படிச் செய்ததில்லை. குழம்பு வந்த கிண்ணத்தில் நாலு முருங்கைக்காய்த் துண்டு போகும். பலகாரம் வந்த தட்டில் வாழைப்பழம் போகும். ஒன்றுமே இல்லாவிட்டால் ஒரு சிட்டிகை சீனியாவது போகும். பக்கத்து வீட்டு ஜொகரா அக்கா நோன்புக்கஞ்சி கொடுத்த தூக்குவாளி ஞானக்கனியின் அடுக்கில் இன்னும் கவிழ்ந்து கிடந்ததற்கு அதுதான் காரணம். கஞ்சிக்கு ஈடாகச் சீனியைக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. ஏதாவது நல்லதாகச் செய்து போட்டுக் கொடுக்கலாம் என்று தள்ளிக்கொண்டே போயிற்று.

நிலையத்து வாளிகளைக் கழுவித் துடைத்து வேன்காரரிடம் நீட்டப் போனாள். கை வரவில்லை. அடுக்களைக்குப் போய் ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை சீனி போட்டு மூடினாள். தயாபரன் சொன்ன சட்டம் நினைவிருந்தது. ஆனால் சீனியை அவள் ஒரு பொருளாகவே எண்ணவில்லை. மரியாதை என்று எண்ணினாள்.

சில நாள் யாரும் எதுவும் சொல்லவில்லை. பிறகு ஒரு கனத்த வாளி வந்தது.

“இது பெரிய இடம். அவரு அப்பா எப்போ கண்ணை மூடுவாருன்னு காத்திருக்காரு. தோப்பு விஷயம். சீக்கிரம் முடிச்சுக் குடுங்க” என்றார் வேன்காரர்.

ஞானக்கனி திறந்துவைத்துக்கொண்டு திகைத்தாள். படுத்திருப்பவர் பக்கத்தில் உட்கார்ந்தால் அவளுக்குச் செய்யத் தெரிந்தது ஒன்றுதான். அவர் எழுந்திருக்க வேண்டும் என்று ஜெபித்தாள். வாளி பால் பொங்குவது போலப் பொங்கி, உடனே காலியானது. சீனி போட்டு மூடினாள்.

தயாபரன் நேரிலேயே வந்தார். வாசலில் குனிய முடியவில்லை. கழுத்துப்பட்டை நிலைப்படியில் இடித்தது.

“என்ன செஞ்சீங்க?”

“காத்திருந்தேன் சார்.”

“பாத்திரத்துல சீனி இருந்துச்சு.”

“வெறும் பாத்திரத்தை எப்படி சார் குடுக்க?”

“பாத்திரம் திரும்பிப் போனதும் அந்தப் பெரிய இடத்துக்காரர் தொட்டு நக்கிப் பாத்திருக்கார். நேரா அப்பா ரூமுக்குக் காப்பி போட்டு எடுத்துட்டுப் போயிட்டார். பெரியவரும் எழுந்து உக்காந்துட்டார். ரெண்டு பேரும் பேசிட்டே இருக்காங்க. இனிமே காத்திருக்க ஒண்ணும் இல்லைன்னுட்டார்.”

“நல்லதுதானே சார்?”

“யாருக்கு?”

இந்தக் கேள்வி ஞானக்கனிக்குப் புரியவில்லை.

“எல்லாரும் இப்படி எழுந்து போய்ப் பாக்க ஆரம்பிச்சா நிலையத்தோட கதி என்ன? நாங்க உங்களைக் குடும்பம் மாதிரி நெனச்சோம். சரி, முதலாளி நீங்கதானே. நீங்களே உங்களை நீக்கிடுங்க. சம்பளப் பாக்கி ஏதாவது இருந்தா அதையும் நீங்களே தீத்துக்குங்க. எனக்கு மனசு கேக்கலை.”

ஞானக்கனி கண்ணாடி முன் போய் நின்று தன்னை வேலையிலிருந்து நீக்கினாள். கண்ணாடியில் இருந்தவள் கொஞ்சம் அழுதாள். நீக்கப்பட்டவள் அவளுக்கு ஆறுதல் சொல்ல வேண்டியதாயிற்று.

ஒன்றாம் தேதி வைகுண்டமணி வந்தார். ஜன்னலின் திறப்பைப் பாய் சுருட்டுவது போலச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். கம்பி இருந்தது. கதவும் இருந்தது. கம்பிக்குப் பின்னால் சுண்ணாம்புச் சுவர் இருந்தது.

“பாத்தியா, ஒரு வித்தியாசமும் தெரியலை” என்று சொல்லிவிட்டுப் போனார்.

கொஞ்ச நேரத்தில் ரூபியின் நெஞ்சு விசில் அடிக்கத் தொடங்கியது. ஞானக்கனி அவளை நிமிர்த்தி உட்காரவைத்து முதுகைத் தடவினாள். முறத்தால் விசிறினாள். உள்ளே இருந்த பழைய காற்றுதான் இங்கும் அங்கும் போய்வந்தது.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கேட்டது.

“ஏட்டி கனி, பிள்ளைக்கு இழுப்பா?”

ஜொகரா அக்காதான். அவள் எப்போதும் விழித்திருந்தாள். மகன் நைனார் கப்பலில் வேலைக்குப் போய், போன் வருவது நின்று வெகுகாலமாயிற்று. வாசலில் முக்காலி போட்டு, மடியில் போனை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவள் காத்திருக்கக் காத்திருக்க, இரண்டு வாசலுக்கும் இடையில் இருந்த நடை நீண்டுகொண்டே போயிற்று. முன்பெல்லாம் கையை நீட்டினால் தீப்பெட்டி கைமாறும். இப்போது போய்வருவதற்குள் செருப்புத் தேய்ந்தது. சுவர் வழியாகப் பேசுவதுதான் சுளுவாக இருந்தது.

“ஆமாக்கா. ஜன்னலை எடுத்துட்டுப் போயிட்டாரு.”

“அவன் கையில புத்து வைக்க! செத்த பொறு.”

பீரோவை நகர்த்துவது போல ஒரு சத்தம் கேட்டது. சுவரில் காரை உதிர்ந்தது. ஜொகரா தன் வீட்டு ஜன்னலைத் தோளால் தள்ளிக்கொண்டிருந்தாள். அது மூலையைத் தாண்டி, சுவருக்குள் புகுந்து, மெல்ல மெல்ல இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது. பாதி வந்ததும் நின்றுவிட்டது. தெருக்காற்று உள்ளே வந்து ரூபியின் முகத்தில் பட்டது.

“முழுசும் தந்திருப்பேன். தெருவைப் பாக்க எனக்கும் கொஞ்சம் வேணும்ட்டி. போன் பண்ணாம நேர்லயே வந்துட்டாம்னா?”

“போதும்க்கா. தாராளமாப் போதும்.”

“பாதி போதுமா?”

“எங்க வீட்டுல எல்லாமே பாதிதானேக்கா.”

சுவரின் இரண்டு பக்கமும் சிரிப்பு வந்தது. விசில் சத்தம் குறைந்து நின்றது. ரூபி பாதி ஜன்னலுக்குக் கீழே சுருண்டு தூங்கினாள்.

“உங்க தூக்குவாளி இங்கனதான் இருக்கு.”

“இருக்கட்டும். அதுக்கென்ன கால் முளைச்சா போவுது?”

மறுநாள் ஞானக்கனி பெயரை ஒப்படைத்துவிட்டுக் கடையிலிருந்து வந்தாள். ரூபி சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். வாசலில் நின்று எட்டிப் பார்த்தால் தூரத்தில் ஜொகராவின் வாசல் தெரிந்தது. ஜொகராவின் தலை சாய்ந்தது. உடனே விலுக்கென்று நிமிர்ந்தது. மறுபடி சாய்ந்தது. மறுபடி நிமிர்ந்தது. தான் தூங்கிவிட்டால் மகனுக்காகக் காத்திருக்க உலகத்தில் ஆளே இருக்காது என்ற பயம் அந்தக் கழுத்தில் இருந்தது.

ஞானக்கனி அடுக்கிலிருந்து கஞ்சி வாளியை எடுத்தாள். நடையில் நடந்தாள். தூரம் அதிகமாகத்தான் இருந்தது. ஜொகராவின் தலை சாய்ந்த ஒரு கணத்தில், அவள் மடியிலிருந்த காத்திருப்பை இரண்டு கையாலும் அள்ளி வாளியில் போட்டாள். விளிம்பு வரை நிறைந்தது. மீதியை அழுத்தி மூட வேண்டியிருந்தது. ஜொகராவின் தலை இந்தமுறை நிமிரவில்லை. கதவுநிலையில் சாய்ந்து அப்படியே நின்றுவிட்டது. வாய் கொஞ்சம் திறந்தது. குறட்டை வந்தது.

வீட்டுக்கு வந்து ஞானக்கனி காத்திருந்தாள்.

நிலையத்துக் காத்திருப்புகளில் எல்லாம் உள்ளே ஒரு கடிகாரம் இருக்கும். இதில் இல்லை. அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் போல மடியைச் சுட்டது. துணி மடித்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஜொகராவின் மகனுக்காகத் தன் ஆண்டவரிடம் கேட்டாள். ஜெபம் வீடு மாறிப் போனாலும் உரியவர் கைக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று நம்பினாள். இதற்குக் கூலி தர நிலையம் இல்லை. திட்ட முதலாளியும் இல்லை. தன்னை நீக்கிக்கொண்டதோடு அவளும் போயாயிற்று.

போன் அடிக்கவில்லை. வெயில் முற்றத்தைவிட்டு இறங்கும்போது வாளி காலியாக இருந்தது.

கழுவித் துடைத்தாள். சீனி டப்பாவைத் திறந்தாள். எல்லாம் நிலையத்து வாளிகளோடு போயிருந்தது. டப்பாவை வாளிக்குள் கவிழ்த்து அடியில் தட்டினாள். சில மணிகள் விழுந்தன. வாளியை மூடி எடுத்துக்கொண்டு போனாள். நடை இப்போது அவ்வளவு நீளமாக இல்லை.

ஜொகரா இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள். முக்காலிக்குப் பக்கத்தில், கைப்பிடி சத்தம் போடாதபடி பிடித்துக்கொண்டு, வாளியை இறக்கிவைத்தாள். வளவில் யாரும் இல்லை. மேலே ஒருவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் அவரைச் சாட்சிக்கு அழைக்கும் வழக்கம் ஞானக்கனியிடம் இல்லை.

ஜொகரா எழுந்து, இதை யார் கொண்டுவந்து வைத்தது என்று கேட்டால், வளவில் யாராலும் சொல்ல முடியாது. வைத்தவளுக்கு அந்த நேரத்தில் பெயர் கிடையாது. அது ஜவுளிக்கடை அலமாரியில், மடித்தபடி, கறை படாமல் இருந்தது.