உப்புக்கு வாசனை கிடையாது

"மாமி, கோச்சுக்காதீங்க. உங்க புளிக்காய்ச்சலை வாயில வெக்க முடியலை" என்று வெங்கடேசன் போனில் சொன்னதும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. திருத்தணி மலையடிவாரத்தில், சரவணப் பொய்கைக்குப் போகிற வழியில் மளிகைக் கடை வைத்திருக்கிறவன் அவன். என் முதல் சரக்கை எட்டுக் கடைக்குப் போட்டிருந்தேன். அதில் அவனுடையதுதான் பெரிய கடை.

"வெக்க முடியலைன்னா? காரமா?"

"உப்புங்க மாமி. ஒரே கரிப்பு. காலையிலேருந்து மூணு பேரு திருப்பிக் குடுத்துட்டாங்க. ஆடிக் கிருத்திகைக்குக் கூட்டம் வரும்னுதான் உங்களுக்கு முன் தட்டு ஒதுக்கினேன். வெள்ளிக்கிழமைக்குள்ள நல்ல சரக்கு வரலைன்னா வேற கம்பெனிக்குக் குடுத்துடுவேன். சொல்லலைன்னு சொல்லாதீங்க."

அன்று திங்கள். முன் தட்டு போனால் கிருத்திகை போச்சு. கிருத்திகை போனால் அந்த எட்டுக் கடையும் என்னைத் திரும்பிப் பார்க்காது, ஷெட்டைப் பூட்ட வேண்டியதுதான். ஒரு வருஷமாக லைசென்ஸுக்கு அலைந்து, பாட்டில் நிரப்புகிற மெஷினுக்கு அலைந்து, நெசவாளி கோதண்டத்தின் பழைய தறி ஷெட்டை வாடகைக்குப் பிடித்து, வெள்ளையடித்து, நாலு பெண்களை வேலைக்கு வைத்து... எல்லாம் ஒரு உப்பில் போகிறதா?

ஒரு பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தேன். நல்லெண்ணெய், வறுத்த வெந்தயம், பெருங்காயம், எல்லாம் கும்மென்று இருந்தது. ஒரு குறையும் தெரியவில்லை.

"மோந்து பாத்துகினே இருந்தா இன்னா தெரியும் மாமி? நாக்குல வெச்சிப் பாருங்க" என்றாள் தமயந்தி. ஆர்.கே.பேட்டையிலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிறவள், ஷெட்டில் எனக்கு வலதுகை மாதிரி. நான் பதில் சொல்வதற்குள் விரலில் ஒரு சொட்டுத் தொட்டு நாக்கில் வைத்தாள். முகம் கோணிப் போய் வாசலுக்கு ஓடித் துப்பினாள். "ஐயையே! உப்பளத்துல விழுந்தாப்ல இருக்குது!"

இதே தமயந்தி, முதல் சரக்கு காய்ச்சின அன்றைக்கே கேட்டாள். "ஒரு சொட்டு பாக்கட்டுமா மாமி?" என்று. நான் என்ன சொன்னேன்? "எடு கையை! எச்சில் பண்ணாதே" என்று கத்தினேன். பாவம், அவள் முகம் வாடிப்போய் நின்றது இப்போதும் கண்ணில் நிற்கிறது.

என் அகத்துக்காரர் குடும்பம் தலைமுறை தலைமுறையாக மலைமேல் முருகன் கோயில் மடப்பள்ளியில் சமைக்கிற குடும்பம். சுவாமி சாப்பிடுவதற்கு முன்னால் யார் நாக்கிலும் படக்கூடாது. வாசனையை வைத்து, எண்ணெய் பிரிகிற சத்தத்தை வைத்து, கரண்டியில் எடுத்தால் விழுகிற விதத்தை வைத்துப் பதம் சொல்வார்கள். வீட்டிலும் அதே சட்டம்தான். இருபது வயதில் இந்த வீட்டுக்கு வந்தேன். இருபத்திரண்டு வருஷமாக அடுப்பில் இருக்கிற எதையும் நான் ருசி பார்த்ததில்லை. அந்தப் பழக்கத்தை அப்படியே ஷெட்டுக்கும் கொண்டுவந்துவிட்டேன். நாற்பது கிலோ காய்ச்சி, ஒரு கிண்ணம் எடுத்து முருகன் படத்துக்கு முன்னால் வைத்து, வழக்கம்போல அந்தக் கிண்ணத்தையும் கடாயிலேயே திரும்ப ஊற்றிக் கலந்து பாட்டிலில் அடைத்தேன். ஒரு ஆள் சாப்பிட்டுப் பார்க்கவில்லை!

தப்பு எங்கே என்று மூட்டைகளைப் புரட்டினபோது தெரிந்தது. வீட்டில் கல் உப்பு. படியால் அளப்போம். அன்றைக்குக் கல் உப்பு தீர்ந்துபோய்த் தூள் உப்பு வாங்கிவரச் சொன்னேன். அதையும் அதே படியால் அளந்தேன். கல் உப்பில் நடுநடுவே இடம் இருக்கும், தூள் அடைத்துக்கொண்டு உட்காரும். அது தெரியாத முண்டமா நான்? தெரியும். ஆனால் உப்புக்கு வாசனை கிடையாது, அதனால் மூக்கு என்னைக் காப்பாற்றவில்லை.

"உப்பில்லாம இன்னொரு கடாய் காய்ச்சி, இதோட கலந்துட்டா சரியாயிடுமே" என்றார் என் அகத்துக்காரர் நாகேஷ். நல்ல மனுஷன், சண்டைக்குப் பயந்தவர். "திறந்த பாட்டிலைத் திரும்ப அடைச்சு விக்கறதுக்கா நான் தொழில் ஆரம்பிச்சேன்?" என்று கேட்டேன். முந்நூற்றுச் சொச்சம் பாட்டிலையும் எட்டுக் கடையிலிருந்து திரும்ப எடுத்து, அத்தனையும் குழியில் கொட்டினேன்.

புதன்கிழமை மறுபடியும் கடாய் ஏற்றினோம். இந்தத் தரம் ருசி பார்த்துத்தான் அடைப்பேன் என்று நாகேஷிடம் முன்னாலேயே சொல்லியிருந்தேன். பாதிக் கொதியில் வாசலில் வந்து நின்றார் விஸ்வேஸ்வரன். நாகேஷுடைய அண்ணா. மடப்பள்ளியில் அவர் வைத்ததுதான் சட்டம்.

"ஊரே சிரிக்கறது ருக்கு" என்றார். "சுவாமி சமையலைச் சந்தைக்குக் கொண்டுபோனா இப்படித்தான் ஆகும். போதும், மூடிடு."

"உப்பு ஜாஸ்தியானதுக்கு ஊர் சிரிக்கட்டும் அண்ணா. கடாய் கொதிக்கறது, கொஞ்சம் நகந்துக்கோங்கோ."

"சரி, மூட மாட்டே. கல் உப்பு போடு, மோந்து பாரு, அடை. தலைமுறை தலைமுறையா அதுலதான் நடக்கறது. ருசி பார்க்கப் போறதா நாகேஷ் சொன்னான். எச்சில் பண்ணி விக்கறதா இருந்தா, நம்மாத்துப் பேர் அந்த பாட்டில்ல இருக்கப்படாது."

லேபிளில் பெரிய எழுத்தில் 'மலை மடப்பள்ளிப் பரம்பரை' என்று போட்டிருந்தேன். அந்தப் பேருக்காகத்தான் எட்டுக் கடைக்காரனும் வாங்கினான். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நாகேஷ் என் முகத்தையும் அண்ணா முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"மலைமேல நீங்க பண்றது சுவாமிக்கு" என்றேன். "அவர் உப்பு ஜாஸ்தின்னு பாட்டிலைத் திருப்பி அனுப்ப மாட்டார். என்னுது காசு குடுத்து வாங்கறவாளுக்கு. அவா திருப்பி அனுப்புவா. அனுப்பியும் ஆச்சு."

"படைச்சுட்டு அப்புறம் சாப்பிட்டுப் பாரேன், யார் வேண்டாம்னா?"

"அடைச்சப்புறம் தெரிஞ்சு என்ன பண்ண? கடாய்ல இருக்கும்போதே தெரியணும்."

சுத்தமான கரண்டியால் எடுத்து, உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டேன். கை வாய்க்குப் போகமாட்டேன் என்றது. சத்தியமாகச் சொல்கிறேன், யாரோ மணிக்கட்டைப் பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தது. நக்கினேன். சூடு, புளிப்பு, அப்புறம் மிளகாய். உப்பு சரியாக இருந்தது. ஆனால் இந்தப் புளிக்கு வெல்லம் போதவில்லை. இருபத்திரண்டு வருஷம் சமைத்தவளுக்கு அடுப்பில் இருக்கிற பண்டத்தின் ருசி அன்றைக்குத்தான் தெரிந்தது. அழுகை வந்தது. கோபத்தில் வந்த அழுகைதான், வேறொன்றும் இல்லை.

"தமயந்தி, இங்க வா. நீயும் பாரு."

அவள் தயங்கினாள். விஸ்வேஸ்வரனைப் பார்த்தாள். அப்புறம் கையை நீட்டினாள். நக்கிவிட்டுக் கண்ணை மூடி யோசித்தாள். "ஆங், உப்பு கரெக்டா கீது. இன்னும் ரெண்டு அச்சு வெல்லம் போடலாம் மாமி."

"வேத்தாள் நாக்குப் பட்டதை எவன் வாங்குவான்?" என்று விஸ்வேஸ்வரன் கத்தினார்.

"அவ நாக்கு முதல்லயே பட்டிருந்தா எனக்கு இந்த அவமானமே வந்திருக்காது" என்றேன். "பேரை எடுத்துக்கோங்கோ. இன்னிக்கே எடுத்துடறேன்."

லேபிள் கட்டுகளை அவர் காலடியிலேயே குப்பைக் கூடையில் போட்டேன். அவர் மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வாசல் இறங்கினார். கடாயில் இன்னும் இரண்டு அச்சு வெல்லம் போட்டோம்.

வியாழக்கிழமை அச்சகத்தில் புது லேபிள் அடித்தேன். 'திருத்தணி புளிக்காய்ச்சல்' என்று மேலே. கீழே, 'ருசி பார்த்து அடைத்தவர்கள்: ருக்கு, தமயந்தி'. அதைப் பார்த்துத் தமயந்தி வெட்கப்பட்டு, ஒரு லேபிளை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை வெங்கடேசன் லேபிளைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்தான். "மடப்பள்ளி பேரு இல்லாம எவன் மாமி வாங்குவான்? ருக்கு யாரு, தமயந்தி யாரு, எவனுக்குத் தெரியும்?"

"நாளைக்குத் தெரியும். உன் கடை வாசல்ல ஒரு மேஜை போடு. வித்தா தட்டு எனக்கு. விக்கலைன்னா நானே எடுத்துண்டு போறேன்."

கிருத்திகை அன்று விடியற்காலையிலேயே தெரு கொள்ளாத காவடி. மேஜைமேல் ஒரு அடுக்கு நிறையச் சோறு வைத்து, எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி பாட்டிலைத் திறந்து சோற்றில் விட்டுக் கிளறினேன். "வாங்கோ, ருசி பாத்துட்டு வாங்குங்கோ! ருசி பாக்காம வாங்காதீங்கோ!" என்று கத்தினேன். மடப்பள்ளி வீட்டு மாட்டுப்பெண் நடுத்தெருவில் கூவுகிறாள் என்று தெரிந்தவர்கள் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும். தமயந்தி என்னைவிடச் சத்தமாகக் கத்தினாள். முதல் அரைமணி நேரம் சாப்பிட்டார்கள், யாரும் வாங்கவில்லை. எனக்கு உள்ளங்கால் வேர்த்தது. அப்புறம் சித்தூரிலிருந்து வந்த ஒரு தெலுங்குக்கார அம்மாள் சாப்பிட்டு முடித்து, கையை நக்கிவிட்டு, நாலு பாட்டில் கேட்டாள். அவள் கூட வந்தவர்கள் ஆளுக்கு இரண்டு. பத்து மணிக்குத் தட்டு பாதி காலி. வெங்கடேசன் என்னிடம் ஒன்றும் கேட்காமல், தானே பின்னால் போய் மிச்சப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்து அடுக்கினான்.

காலை மடப்பள்ளி முறையை முடித்துவிட்டு மலையிலிருந்து இறங்கி வந்த விஸ்வேஸ்வரன், மேஜைக்கு எதிரில் நின்றார். கூட்டத்தைப் பார்த்தார். லேபிளை எடுத்து, கண்ணுக்குக் கிட்டே வைத்து, இரண்டு தரம் படித்தார்.

"உப்பு சரியா இருக்கா?" என்று கேட்டார்.

ஒரு கை சோற்றை இலைத்துண்டில் வைத்து அவர் முன்னால் நீட்டினேன்.

"எனக்குத் தெரியும் அண்ணா. உங்களுக்குத் தெரியணும்னா வாயைத் திறங்கோ."