டிரைவரம்மாவின் நடை

கால் டாக்டருக்கு முகங்கள் நினைவில் நிற்பதில்லை. தெருவில் எதிரே வந்து வணக்கம் சொல்பவரை யாரோ எவரோ என்று விழித்துப் பார்த்துவிட்டு, அவர் தாண்டிப் போனதும் பின்பக்கத்திலிருந்து அடையாளம் கண்டு, "அட, நம்ம இடது குதிகாலு!" என்று ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்வார்.

அவர் வைத்தியம் பார்க்கிற விதமே தனி. நோயாளிகளைக் கூப்பிட ஆள் கிடையாது. தானே கதவருகில் வந்து நின்று கூப்பிடுவார். நாற்காலியிலிருந்து எழுந்திருக்கும்போது கை எதைப் பிடிக்கிறது, முதல் அடி எந்தக் காலில் விழுகிறது என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும். பரிசோதனை என்று சொல்லிவிட்டால் போச்சு, ஆளாளுக்கு ராணுவ அணிவகுப்பு நடக்க ஆரம்பித்துவிடுவார்கள். அடுத்து செருப்பைக் கழற்றச் சொல்லி, கவிழ்த்து, எந்த ஓரம் தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பார். அதன்பின் வராந்தாவில் வெறுங்காலோடு ஒரு நடை. அவர்கள் முன்னால் போக, இவர் பின்னாலேயே அவர்களைப் போல நடந்து போவார். பாதம் உள்பக்கம் சரிந்தால் இவரும் சரிப்பார். இடுப்பு ஒருபக்கம் இறங்கினால் இவரும் இறக்குவார். பார்க்கிறவர் கண்ணை ஏமாற்றுகிற காலால், கூடவே நடக்கிறவர் முழங்காலை ஏமாற்ற முடியாது என்பது அவர் கட்சி. நாலடி அப்படி நடந்தால் போதும், எந்தத் தசை சோம்பிக் கிடக்கிறது என்பதை அவர் உடம்பே சொல்லிவிடும். வராந்தாவில் காத்திருப்பவர்களுக்கு இலவச சினிமா.

படம் முடியும்போது எல்லோருக்கும் ஒரே கேள்விதான்.

"ஏன் இவ்வளவு லேட்டா வந்தீங்க?"

அதற்குப் பெண்கள் சொல்லும் பதிலும் பெரும்பாலும் ஒன்றேதான். தையற்கடைக்கார அம்மாளும் அதையே சொன்னாள். "வீட்டுக்காரர் ஒண்ணுமில்லன்னு சொன்னாருங்க டாக்டர்."

"உங்க வீட்டுக்காரர் என்ன டாக்டரா?"

இதுவும் டாக்டரின் வழக்கமான அடுத்த கேள்விதான். வராந்தா முழுக்கச் சிரிப்பு. அந்த அம்மாளும் சிரித்துவிட்டாள். டாக்டருக்கு அன்றைய பொழுது நல்லபடியாக விடிந்தது.

அவர் மனைவி பஸ் ஓட்டுகிறவள். ஊரே டிரைவரம்மா என்று கூப்பிட, டாக்டரும் வீட்டில் அப்படியே கூப்பிடுவார். கிண்டலாக ஆரம்பித்தது, பெயராக ஒட்டிக்கொண்டது. போன வருஷம் ஒருநாள் அவர் டிவியில் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க, வலது காலு சொன்னபடி கேக்க மாட்டேங்குது. ஆக்சிலேட்டர்லேர்ந்து எடுத்து பிரேக்குக்குக் கொண்டு போறப்ப நுனி தட்டுது. கொஞ்சம் பாருங்களேன்."

"காலு கேக்கலன்னா என்ன? அதான் உன் பேச்சைக் கேக்க நான் ஒருத்தன் இருக்கேனே."

"வெளையாடாதீங்க. பஸ்ல அத்தனை பேரு உக்காந்திருக்காங்க. நான் ஓட்டலாமா கூடாதா, அதை மட்டும் சொல்லுங்க."

"நாள்பூரா ஊர்க்காலைப் பிடிச்சுட்டு வர்றேன், வீட்டுலயும் காலா? ஒண்ணுமில்ல. சோம்பல். தூக்கி வச்சு நட, சரியாயிடும்."

இன்னொரு நாள் வேலை முடிந்து நேராக கிளினிக்குக்கே வந்துவிட்டாள். கையில் வலது ஷூ. நுனி தேய்ந்து உள்துணி எட்டிப் பார்த்தது. ஊரார் செருப்பையெல்லாம் கவிழ்த்துப் பார்க்கும் மனுஷர் அந்த ஷூவைக் கையில் கூட வாங்கவில்லை. "இதுக்கு டாக்டர் எதுக்கு, ஷூ கடைக்காரர் போதும்" என்றார். வராந்தா சிரித்தது. அவள் ஷூவை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அதற்கப்புறம் கேட்கவில்லை.

இந்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் வீட்டில் சாப்பாடு. மச்சான் என்பது டிரைவரம்மாவின் தம்பி, சோபா விற்கிறவன். நல்ல சோபாவையெல்லாம் ஊருக்கு விற்றுவிட்டு, உட்கார்ந்தால் எழ முடியாத ஒன்றைத் தன் வீட்டில் போட்டிருந்தவன். அதில் அவன் அம்மா, அதாவது டாக்டரின் மாமியார், இடுப்பு வரை புதைந்து உட்கார்ந்திருந்தாள். சாப்பாடு முடிந்ததும் டாக்டர் ஊராரைப் போல நடந்து காட்டுவது அந்த வீட்டு வழக்கம். டைல்ஸ் போட்ட ஹால் அதற்குத் தோதாக இருந்தது.

முதலில் ஷூ கடைக்காரர் மாதிரி நடந்தார். அடுத்து வீட்டுச் சொந்தக்காரர், வாடகை கேட்க வரும்போது ஒரு நடை, குழாய் ஒழுகுது என்றதும் ஒரு நடை. மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "போதும் மாப்பிள்ள, வயிறு வலிக்குது" என்றாள்.

"அத்தான், அக்காவைப் போடுங்க!" என்றான் மச்சான். "போன வாரம் டிப்போவுல குப்பைத் தொட்டியை பஸ்ஸால இடிச்சுத் தள்ளிட்டாளாம். தெரியுமா உங்களுக்கு?"

"டேய், வாயை மூடு" என்றாள் டிரைவரம்மா.

"பிரேக்குன்னு ஒண்ணு இருக்குக்கா, நடுவுல!"

டாக்டர் எழுந்தார். சுவரோரம் போய் நின்று, சட்டைக் காலரை டிரைவரம்மா இழுத்துவிடுகிற மாதிரி இழுத்துவிட்டுக்கொண்டார். அதற்கே சிரிப்பு வந்துவிட்டது. வலது காலை இழுத்துக்கொண்டு நாலடி வைத்தார். நல்ல வரவேற்பு. ஆனால் அவருக்குத் திருப்தியில்லை. எதிலும் அரைகுறை பிடிக்காத கலைஞர். அவள் நடையில் ஒரு சத்தம் உண்டு. குதிகால் தரையைத் தொட்டதும் முன்பாதம் தானாக விழுந்து 'டப்' என்னும். தினமும் சமையலறையிலிருந்து கேட்கிற சத்தம். அது வரவில்லை.

அந்த டப்பை வரவழைக்க முழங்காலுக்குக் கீழே, எலும்பை ஒட்டி முன்பக்கம் ஓடும் தசையைத் தளரவிட்டார். டப் வந்தது. ஹால் குலுங்கியது. ஆனால் அந்தத் தசையை விட்டதும் அடுத்த அடியில் பாதம் தொங்கியது. தொங்கிய பாதம் தரையில் இடறாமலிருக்க, முழங்கால் தானாக மேலே போனது, இல்லாத படியில் ஏறுவது போல. கூடவே இடுப்பும் எகிறியது. அசல் டிரைவரம்மா.

அந்த நடையை அவர் வராந்தாவில் எத்தனையோ பேர் பின்னால் நடந்திருக்கிறார். அதற்கு என்ன பெயர், அது எங்கேயிருந்து வருகிறது, எவ்வளவு நாள் விட்டால் திரும்பி வராது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். சோம்பலுக்கு அந்த நடை வராது. சோம்பேறியின் முழங்கால் அவ்வளவு கஷ்டப்படாது.

எதிர்ச்சுவரைத் தொட்டு, எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"ஒன்ஸ் மோர்!" என்றான் மச்சான்.

டாக்டர் திரும்பினார். டிரைவரம்மாவும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இப்போது டாக்டர் நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள். அத்தனை பேர் நடுவில் என்ன சொல்வது? எல்லாம் தெரிந்தபிறகும் டாக்டர் இன்னொரு முறை, ஹாலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, டப் டப் என்று, ஒரு பிசகும் இல்லாமல் நடந்து காட்டினார்.

"நாளைக்கு ஷிஃப்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடி கிளினிக்குக்கு வா" என்று திரும்பி வரும் வழியில் சொன்னார்.

"என்ன, அங்கேயும் ஷோவா?"

காலையில் யூனிஃபார்மோடு வந்தாள். வராந்தா காலியாக இருந்தது.

"குதிகால்ல மட்டும் நட பாப்போம்."

இடது பாதம் நுனி தூக்கி நின்றது. வலது பாதம் தரையை விட்டு எழும்பவே இல்லை. அவள் அதைக் குனிந்து பார்த்து, வேறு யாருடைய காலையோ கூப்பிடுவது போல, "ம், வா, வா" என்றாள். வரவில்லை.

கட்டிலில் உட்காரவைத்தார். "பாதத்தை மேல தூக்கு. நான் அமுக்குவேன், விடாத." ஒரு விரல் போதுமாக இருந்தது. முழங்கால் பக்கத்தில் நரம்பு நசுங்கியிருந்தால் தேவலை. அப்படியிருந்தால் பாதத்தை உள்பக்கம் திருப்புகிற பலம் மிச்சமிருக்கும். "உள்ள திருப்பு" என்றார். அதையும் சுலபமாகத் தள்ளிவிட முடிந்தது. அப்படியென்றால் நரம்பு நசுங்கியிருப்பது முதுகுத்தண்டில். கட்டைவிரலை முன்னங்கால் எலும்போரமாக ஓட்டினார். தசை இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம். ஒரு வாரத்தில் விழுகிற பள்ளமில்லை அது.

"முதுகு வலி இருந்துச்சா?"

"போன வருஷம் உயிர் போச்சே. சீட்டு சரியில்லன்னு நீங்கதானே தலகாணி வாங்கித் தந்தீங்க? அப்புறம் தானாப் போயிடுச்சு. உங்க தலகாணிதான்னு டிப்போ பூரா சொன்னேன்."

வலி போய்ப் பாதம் தொங்கினால் நரம்பு களைத்துப்போய்க் கத்துவதை நிறுத்திவிட்டது என்று பொருள். அதை அவர் சொல்லவில்லை. ஸ்கேன் எடுக்கணும், முதுகு ஆபரேஷன் பண்றவரை இன்னிக்கே பாக்கணும் என்று மட்டும் சொன்னார்.

"நான் ஓட்டலாமா?"

"கூடாது."

"இன்னிக்கு மட்டுமா?"

டாக்டர் போய்க் கையைக் கழுவினார். வெகுநேரம் கழுவினார்.

"ஆபரேஷன் பண்ணா காலு திரும்ப வருமா?"

"முன்னாடியே பாத்திருந்தா…" என்று ஆரம்பித்து, குழாயை மூடினார். "இப்ப சொல்ல முடியாது."

டிரைவரம்மா ஷூவை எடுத்தாள். தொங்குகிற பாதம் உள்ளே போக மறுத்தது. கையாலேயே தூக்கி நுழைத்து, நாடாவை இறுக்கிக் கட்டினாள்.

"எல்லார்கிட்டயும் ஒண்ணு கேப்பீங்களே. என்கிட்ட கேக்கலயே?"

"என்னது?"

"உங்களுக்கா தெரியாது? கேளுங்க. நானும் காலைக் காட்ட வந்தவதானே?"

அவர் துண்டில் கையைத் துடைத்தார். துடைத்த கையையே திரும்பத் துடைத்தார். அவள் விடுகிற மாதிரி தெரியவில்லை.

"ஏன் இவ்வளவு லேட்டா வந்தீங்க?" என்றார். அவளிடம் 'வந்தீங்க' என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

"வீட்டுக்காரர் ஒண்ணுமில்லன்னு சொன்னாருங்க டாக்டர்."

வழக்கமான அடுத்த கேள்வி, பழக்கதோஷத்தில், நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவள் ஷூவோடு, யூனிஃபார்மோடு, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அதற்காகக் காத்திருந்தாள்.