தாய்மாமன் நாற்காலி

கல்யாண விருந்தில் முதல் தட்டு மேசைக்கு வர வேண்டுமென்றால், மாப்பிள்ளையின் தாய்மாமன் நடு மேசையின் தலைமாட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் உட்காராமல் சமையல்காரர் அடுப்பிலிருந்து எதையும் இறக்க மாட்டார். வானத்தில் இடிதேவன், பூமியில் தாய்மாமன் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். கோயிலுக்குப் போகிற வீட்டிலும் அப்படித்தான், தேவாலயத்துக்குப் போகிற வீட்டிலும் அப்படித்தான். என் மகன் என்-டிங்குக்குத் தாய்மாமன் ஒரே ஒருவர், என் அண்ணன் தியம்-ஹோக். அவர் என்னோடு பேசி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

காரணம் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. அப்பாவின் சாவில் நான் ஊதுபத்தி பிடிக்கவில்லை. அதற்கு முந்தின வருஷம்தான் கிறிஸ்தவரான எக்-பெங்கைக் கட்டிக்கொண்டு ஞானஸ்நானம் எடுத்திருந்தேன். சவப்பெட்டிக்கு முன்னால் தலை குனிந்து நின்றேன், மண்டியிட்டேன், அழுதேன். பத்தியை மட்டும் வாங்கவில்லை. அண்ணன் நீட்டிய கையோடு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, எனக்கான பத்தியையும் தன்னுடையதோடு சேர்த்துச் சாம்பலில் குத்தினார். பிறகு என் பக்கம் திரும்பவே இல்லை. அவர் புடாய் கடற்கரையில் சிப்பி வளர்க்கிறார். எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது.

என்-டிங் பார்த்திருந்த பெண் பெய்-ரோங். எங்கள் ஊரில் கடல் காக்கும் மாட்சு அம்மன் கோயில் கமிட்டித் தலைவர் சுவாவின் கடைசி மகள். தொலைபேசியில்தான் என் மகன் இதைச் சொன்னான். நல்ல பெண் என்று நான் சொன்னேன். அது உண்மை. சந்தையில் பார்த்தால் என் பையை வாங்கிக்கொள்கிறவள்.

சுவா சம்பந்தியோடு பேசி முடிப்பது நான் பயந்த அளவுக்குக் கஷ்டமாக இல்லை. காலையில் எங்கள் தேவாலயத்தில் ஆசீர்வாதம். அது முடிந்ததும் பெண் வீட்டில் முன்னோர் மாடத்துக்கு முன்னால் பெண் பத்தி பிடிப்பாள், என் மகன் பக்கத்தில் நின்று தலை மட்டும் குனிவான். மத்தியானம் விருந்து. தலை மட்டும்தான் குனிவான் என்பதை நான் இரண்டு தடவை சொன்னேன். அவர் தேநீரை ஊற்றிக்கொண்டே சிரித்தார்.

"குனிஞ்சா போதும் சம்பந்தியம்மா. கையில பத்தியப் பிடிச்சுக்கிட்டு மனசுல பேஸ்பால் ஸ்கோர் கணக்குப் போடற பசங்களை நான் நிறையப் பாத்திருக்கேன். காலைல உங்க சாமி, அப்புறம் எங்க சாமி. அவங்க ரெண்டு பேரும் சண்டை போட்டுக்க மாட்டாங்க. போட்டா நம்மாளுங்கதான் போடுவாங்க."

விருந்து எங்கே என்ற பேச்சு வந்தது. என் வீட்டுச் சந்தில் மேசை போட இடம் கிடையாது. கோயில் முற்றத்தில் போட்டுக்கொள்ளலாமே என்றார். பந்தல் இருக்கிறது, தண்ணீர்க் குழாய் இருக்கிறது, வண்டி நிறுத்த இடம் இருக்கிறது. சரி என்றேன். அந்த முற்றம் எனக்குக் காய்கறி லாரிகள் நிற்கிற இடம். தினமும் அதைக் குறுக்கே கடந்துதான் சந்தைக்குப் போகிறேன். அது எங்கள் சபையாருக்கு என்ன இடம் என்று அந்த நிமிஷம் எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பிறகு சபைச் சாப்பாட்டில் தெரிந்தது. மூங்கில் குருத்து சூப்பைக் கரண்டியால் ஊற்றிக்கொண்டிருந்த லியாவ் அக்கா அப்படியே நிறுத்திவிட்டார். எக்-பெங் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு நாள் தவறாமல் பிளாஸ்க்கில் அரிசிக் கஞ்சி கொண்டுவந்தவர் இந்த லியாவ் அக்காதான். அவரைப் புதைத்த அன்று ராத்திரி என்னைத் தனியாக விடாமல் என் அறையிலேயே பாய் போட்டுப் படுத்தவரும் அவர்தான்.

"கோயில் வாசல்லயா, சாய்-ஹுன்?" என்று கேட்டார்.

இடம் இல்லை என்றேன். பந்தல், குழாய் எல்லாம் சொன்னேன். எங்கள் போதகர் கோ இளவயதுக்காரர். தான் கட்டாயம் வருவதாகவும், விருந்துக்கு முன் ஜெபம் செய்வதாகவும் உடனே சொன்னார். 

"போதகர் போகலாம், அவருக்கு அது ஊழியம்," என்றார் லியாவ் அக்கா. "எங்களுக்கு இருக்கறது ஒரு வாய். அங்க அம்மனுக்குக் காட்டின கோழியையும் தின்னுட்டு, இங்க வந்து திருவிருந்தும் வாங்க முடியாது. உன் மேல கோபமில்லடி. காலைல கோயர்ல முதல் ஆளா வந்து நிப்பேன், பாரு."

சூப்பை என் கிண்ணத்தில் மற்றவர்களுக்கு ஊற்றியதைவிட அதிகமாக ஊற்றினார். பிறகு, "உன் அண்ணன் வருவாரா?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். அந்த வாரத்திலிருந்து ஜெபக் குறிப்பில், எங்கள் சகோதரி சாய்-ஹுன்னின் அண்ணன் மனம் இளகும்படி என்று ஒரு வரி சேர்ந்தது. புதன்கிழமைக் கூட்டத்தில் அதற்காக ஒவ்வொருவராகச் சத்தமாக ஜெபித்தார்கள். சபையில் பியானோ வாசிப்பது நான்தான், அதன் முன்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். என் அண்ணனை ஒருமுறைகூடப் பார்த்திராதவர்கள் அவர் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கண்ணீர் விட்டார்கள்.

தாய்மாமனை நேரில் போய், பெரிய வட்டக் கேக்கோடு அழைக்க வேண்டும். என்-டிங்குக்கு வடக்கே சின்ச்சு நகரத்தில், கணினிச் சிப் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. அவன் வரும்வரை காத்திருக்காமல் நான் மட்டும் கேக்கை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அண்ணி வாசலில் சிப்பி ஓட்டுக் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்து கத்தியால் திறந்துகொண்டிருந்தாள். போன வாரம்தான் வந்து போனவளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள். "இந்த வெயில்ல தொப்பி போட்டுக்கிட்டு வரக்கூடாதா, ஆ-ஹுன்?" என்று என் பழைய செல்லப்பேரைச் சொல்லிக் கேட்டாள். உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

அண்ணன் ரப்பர் பூட்ஸோடு வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. கேக்கை வாங்கினார். கை கழுவினார். அதை மாடத்தில் அப்பா படத்துக்குக் கீழே வைத்துப் பத்தி கொளுத்தினார். "அப்பா, உங்க பேரனுக்குக் கல்யாணம். கேக் வந்திருக்கு," என்றார். யார் கொண்டுவந்தது என்று சொல்லவில்லை. பத்தி பாதி எரிகிற வரை மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். தொலைக்காட்சியில் மீன் விலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் அவர் கேக்கை இறக்கி, வெட்டி, முதல் துண்டைத் தட்டில் வைத்து, பல்குச்சி ஒன்றைக் குத்தி என்னிடம் நீட்டினார்.

நான் தட்டை வாங்கினேன். பன்றிக்கொழுப்பும் பூசணிப்பாகும் பாசிப்பருப்பும் வைத்த கேக். சின்ன வயதில் இதற்காக நாங்கள் அடித்துக்கொண்டிருக்கிறோம். படைத்ததைச் சாப்பிடுவதில்லை என்று ஞானஸ்நானத்தின்போது சபைப் பெரியவர்கள் முன்னால் சொன்னது நான். சபையார் யாரும் அங்கே இல்லை, லியாவ் அக்காவுக்குத் தெரியப்போவதும் இல்லை. அதனாலேயே என்னால் அதை வாயில் வைக்க முடியவில்லை. யாரும் பார்க்காதபோது மாறிக்கொள்ளலாம் என்றால், அப்பாவின் சாவில் அத்தனை பேர் பார்க்க நான் அப்படி நின்றதற்கு என்ன அர்த்தம்?

"அண்ணா, நான்..." என்று ஆரம்பித்தேன்.

"திங்க வேணாம். தெரியும்," என்றார். தட்டை அவரே எடுத்துக்கொண்டார். "தாய்மாமனைக் கூப்பிட மாப்பிள்ளை வரணும். அம்மா வர்றது எந்த ஊர் வழக்கம்?"

பையனை வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவீர்களோ என்றுதான் நானே வந்தேன் என்றேன். அவர் பூட்ஸை இழுத்து மாட்டிக்கொண்டார்.

"அனுப்புவேன்னு நீயே முடிவு பண்ணிட்ட," என்றார். சிப்பிப் பாத்திக்குப் போய்விட்டார்.

பஸ் நிறுத்தம்வரை அண்ணி கூட வந்தாள். பையனை அனுப்பச் சொன்னாள். அண்ணன் வருவாரா என்று கேட்டேன். "எனக்கெப்படித் தெரியும்? சிப்பியும் அவரும் ஒண்ணு. திறந்து பாத்தாத்தான் உள்ள சதை இருக்கா, சேறு இருக்கான்னு தெரியும்," என்றாள்.

என்-டிங் விடுமுறை எடுத்துச் சிவப்பு அழைப்பிதழோடு போய்வந்தான். மாமா தன்னை நெடுநேரம் பார்த்தார் என்றான். எவ்வளவு உயரம் என்று கேட்டாராம், தாத்தாவின் காது என்றாராம், ஒரு பை நிறையச் சிப்பி கொடுத்தாராம். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. என்னைப் பற்றி ஏதாவது கேட்டாரா என்று நான் மகனிடம் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

கல்யாணத்தன்று காலை சபை நிறைந்திருந்தது. லியாவ் அக்கா சொன்னபடி கோயரில் முதல் வரிசையில் நின்றார். பெய்-ரோங்கின் அப்பா சிவப்பு டை கட்டிக்கொண்டு, எழுந்திருக்கச் சொன்னபோது எழுந்து, உட்காரச் சொன்னபோது உட்கார்ந்து, பாட்டுக்கு வாயையும் அசைத்தார். முடிந்ததும் சபையார் எல்லாரும் என்னைக் கட்டிக்கொண்டார்கள். பிறகு குடைகளை எடுத்துக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போனார்கள்.

பெண் வீட்டு மாடத்துக்கு முன்னால் என்-டிங் பேசியபடி தலை மட்டும் குனிந்தான். மத்தியானம் கோயில் முற்றத்தில் பெண் வீட்டு மேசைகள் நிரம்பி, நாற்காலி கேட்டுச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் என்-டிங்கின் தொழிற்சாலை நண்பர்கள் ஒரு மேசை, எக்-பெங்கின் சித்தப்பா மகன் குடும்பம், போதகரும் அவர் மனைவியும். சபையாருக்கென்று போட்ட மற்ற மேசைகளில் சிவப்பு விரிப்பும் மூடி திறக்காத சோடா பாட்டில்களும் இருந்தன. நடு மேசையில் தலைமாட்டு நாற்காலி காலி.

சமையல்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். ஆரம்பிக்கலாமா என்று கேட்டார். இன்னும் கொஞ்சம் என்றேன். மறுபடி வந்தார். சூப் வற்றுகிறது என்றார். சுவா சம்பந்தி என் காதருகே குனிந்தார். "எங்க பக்கம் தாய்மாமனுங்க நாலஞ்சு பேரு இருக்காங்க, ஒருத்தரைக் கடன் தரவா?" என்றார். சிரிக்க வைக்கத்தான் சொன்னார். நான் சிரிக்க முயற்சி செய்ததைப் பார்த்துவிட்டு அவரே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

போதகர் எழுந்து வந்தார். "நான் உக்காரட்டுமாக்கா? சபை உங்களுக்குத் தாய் வீடு மாதிரிதானே."

"அது உங்க நாற்காலி இல்ல, போதகரே," என்றேன். கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அவர் போய் உட்கார்ந்துகொண்டார்.

அப்போது நீல நிறக் குட்டி லாரி ஒன்று சந்தைப் பக்கமிருந்து திரும்பியது. சிப்பிக் கூடைகளை இறக்கிவிட்டுக் கழுவிய ஈரம் இன்னும் இருந்தது. அண்ணி முதலில் இறங்கினாள். அண்ணன் கறுப்புக் கோட்டில் இறங்கினார். பித்தான் போட முடியாத அளவுக்கு அது இறுகிப்போயிருந்தது. சம்பந்தி ஓடினார். தாய்மாமன் வந்தாச்சு என்று யாரோ கத்த, பட்டாசு வெடித்தது. அந்தப் புகைக்குள் அண்ணன் என்னைக் கடந்து போய் நாற்காலியில் உட்கார்ந்தார். கோட்டில் அந்துருண்டை வாசனையடித்தது. சமையல்காரர் கையைத் தூக்கிக் காட்ட, முதல் தட்டு வந்தது.

போதகர் ஜெபம் செய்தபோது அண்ணன் தலை குனியவில்லை. ஆனால் சாப்பிடும் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு, ஆமென் வரும்வரை அசையாமல் இருந்தார்.

மேசை மேசையாகக் கோப்பை உயர்த்தப் போகையில் முதலில் அவரிடம்தான் போக வேண்டும். மாப்பிள்ளைக்காக எழுந்து நின்றார். ஒரு தங்க மோதிரத்தைப் பெய்-ரோங்கின் விரலில் தானே போட்டுவிட்டார். சம்பந்தியோடு மூன்று கோப்பை குடித்தார், கடல் காற்றைப் பற்றி ஏதோ சொன்னார், இருவரும் சிரித்தார்கள். என் முறை வந்தது. தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து அண்ணா என்றேன்.

"மாப்பிள்ளையோட அம்மா, நீங்க உக்காருங்க," என்றார். "காலைலேருந்து நின்னுட்டே இருக்கீங்க. சாப்பாடு ஆறிடும்."

மரியாதையான குரல். பக்கத்து வீட்டுக்காரம்மாவிடம் பேசுகிற குரல். அதில் கோபம் இருந்ததா என்று தேடினேன், இருந்திருந்தால் எனக்கு நன்றாயிருந்திருக்கும். கோப்பையை உயர்த்தி, குடித்து, கவிழ்த்துக் காட்டினார். மேசையில் எல்லாரும் கை தட்டினார்கள்.

மீன் வந்தது. தலையை அவர் பக்கம் திருப்பி வைத்தார்கள். அவர் முதல் துண்டை எடுத்த பிறகு மற்றவர்கள் எடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் எழுந்தார். தாய்மாமன் கடைசிவரை இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. நான் பிளாஸ்டிக் பைகளில் கோழியும் பசைச்சோறும் கட்டிக்கொண்டு லாரிப் பக்கம் ஓடினேன். அண்ணன் ஏற்கனவே ஏறி உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கி என்-டிங்கிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"நாளைக்குக் குழந்தை பொறந்து ஒரு மாசம் ஆனதும் நீயே வந்து சொல்லு. வேற யாரையும் அனுப்ப வேணாம்."

"சரி மாமா," என்றான் என் மகன்.

அண்ணி இறங்கி வந்து பைகளை வாங்கிக்கொண்டாள். என் முகத்தைப் பார்த்தாள். "வந்து உக்காந்துட்டாருல்ல. அவ்வளவுதான் அவரால முடிஞ்சது," என்று மெதுவாகச் சொன்னாள். லாரி கிளம்பி, சந்தை முனையில் திரும்பிற்று. எங்களுக்குப் பின்னால் சம்பந்தி வீட்டார் பாட்டுப்பெட்டியைச் சத்தமாக வைத்தார்கள்.

மறுநாள் பிள்ளைகள் சின்ச்சுவுக்கு ரயில் ஏறினார்கள். பெய்-ரோங் நடைமேடையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, அம்மா, வார இறுதியில் கூப்பிடுகிறேன் என்றாள். கூப்பிடுவாள் என்று எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை படிக்கட்டிலேயே லியாவ் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"உன் அண்ணன் வந்தாராமே? போதகர் சொன்னார்."

"வந்தார்," என்றேன்.

"அந்த நாற்காலியில உக்காந்தாரா?"

"உக்காந்தார்."

"பாத்தியா," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எத்தனை புதன்கிழமை முட்டி போட்டோம். வீண்போகல."

ஆராதனையில் அறிவிப்புகளுக்குப் பிறகு போதகர் என்னை எழுந்து சாட்சி சொல்லச் சொன்னார். எழுந்தேன். என் அண்ணன் வந்தார், தாய்மாமன் நாற்காலியில் உட்கார்ந்தார், விருந்து நல்லபடியாக நடந்தது, ஜெபித்த எல்லாருக்கும் நன்றி என்றேன். சொன்னதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. சபை முழுவதும் ஆமென் என்றது. சில பேர் அழுதார்கள். இன்னும் கொஞ்சம் சொல்லுங்கள் என்பதுபோல் போதகர் பார்த்தார். நான் உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்தது நன்றிப் பாட்டு. எங்கள் சபையில் பியானோ சுவரைப் பார்த்துப் போட்டிருக்கிறது. எல்லாரும் என் முதுகுக்குப் பின்னால் எழுந்து நின்றார்கள். அன்று அவர்கள் வழக்கத்தைவிடச் சத்தமாகப் பாடினார்கள். சரணம் முடிகிற இடத்தில் அவர்கள் மூச்சு வாங்கக் காத்திருந்து, கடைசிச் சரணம்வரை வாசித்தேன்.