இதர செலவுகள்

நகராட்சி அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் ஜன்னலோர மேஜைக்காரரான தலைமைக் கணக்கரை எல்லோரும் 'பென்சில் சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். எதையும் முதலில் பென்சிலால் எழுதி, மூன்று முறை கூட்டிப் பார்த்து, அதற்குப் பிறகே பேனாவைத் திறப்பார். இருபத்தெட்டு வருடங்களாகத் தணிக்கைக்காரர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியும் அவர் கணக்கில் ஒரு புள்ளி பிசகியதில்லை. அப்பேர்ப்பட்டவர் தன் உத்தியோகத்தில் ஒரே ஒரு காரியத்தைத் தெரிந்தே தப்பாகச் செய்தார். அது ஒரு வேனில் ஆரம்பித்தது.

ஒன்பது வருடங்களுக்கு முந்தைய கதை. நடக்க முடியாத பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம் பக்கத்து ஊரில் இருந்தது. இந்த ஊரில் அப்படிப்பட்ட பிள்ளைகள் பதினொரு பேர். சக்கர நாற்காலியோடு ஏற்றிக்கொள்ளும்படி பின்பக்கம் பலகை இறங்கும் வேன் ஒன்றை யாரோ ஒரு புண்ணியவான் நகராட்சிக்குத் தானமாகக் கொடுத்தார். சரி, வேன் வந்துவிட்டது. டிரைவர் சம்பளத்தையும் டீசலையும் எந்தத் தலைப்பில் எழுதுவது? வரவு செலவுப் புத்தகத்தில் சாலைக்குத் தலைப்பு உண்டு, சாக்கடைக்கு உண்டு, கொசு மருந்துக்குக்கூட உண்டு. இந்தப் பிள்ளைகளுக்கு இல்லை. புதுத் தலைப்பு வேண்டுமென்றால் மன்றத்தில் தீர்மானம் போட்டு, மேலிடத்துக்கு அனுப்பி, அவர்கள் கேள்வி கேட்டு, இவர்கள் பதில் எழுதி, எப்படியும் இரண்டு வருடம் இழுக்கும். அதுவரை பிள்ளைகள் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். பென்சில் சார் புத்தகத்தின் கடைசி வரியான 'இதர செலவுகள்' என்பதில் வேனைச் சேர்த்துவிட்டார். இந்த ஒரு வருடத்துக்கு மட்டும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

அந்தப் பதினொரு பேரில் ஒருத்தி அவருடைய தங்கை மகள். அப்போது அவளுக்கு ஐந்து வயது. வீட்டில் அவளுக்கு வாயாடி என்றே பெயர். கால்கள் செய்யாத வேலையையும் சேர்த்து வாய் செய்துவிடும். அவளுக்காகத்தான் அப்படி எழுதினாரா என்று யாராவது கேட்டிருந்தால், இல்லை என்று சொல்ல அவருக்கு நாக்கு எழுந்திருக்காது.

ஒரு வருடம் ஒன்பது வருடமானது. கடைசி வரியை யார் படிக்கிறார்கள்? ருசி கண்டுவிட்ட பென்சில் சார், தலைப்பில்லாத மற்ற நல்ல காரியங்களையும் அங்கேயே கொண்டுபோய் வைத்தார். ஆளில்லாத பிணங்களின் அடக்கச் செலவு, படுக்கையில் கிடப்பவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் நர்ஸின் பஸ் செலவு, மழையில் வீடு ஒழுகியவர்களுக்குத் தார்ப்பாய் எல்லாம் அங்கே போயின. 'இதர' கொஞ்சம் கொஞ்சமாக வீங்கிக்கொண்டே வந்தது.

இந்த வருடம் குடிநீர்க் குழாய்களை மாற்றியதற்காக வீட்டு வரி கால் பங்கு ஏறியது. ஊரே கொதித்துப்போய் இருந்த நேரத்தில் தேர்தலும் வந்தது. நகர்மன்றத் தலைவியாக இருந்த ஓய்வுபெற்ற கணக்கு டீச்சரை எதிர்த்துக் கம்பிக்கடைக்காரர் நின்றார். மனிதர் சும்மா நிற்கவில்லை, வரவு செலவுப் புத்தகத்தை வாங்கிக் கடைசி வரி வரைக்கும் படித்திருந்தார்.

"ரோட்டுக்குச் செலவு, சரி. தெரு விளக்குக்குச் செலவு, அதுவும் சரி," என்று கடைத்தெரு முனையில் மைக்கைப் பிடித்துச் சொன்னார். "கடைசியில இதரன்னு ஒருத்தன் வர்றான். தெரு விளக்கைவிட அவனுக்குத்தான் செலவு அதிகம். யாருங்க இந்த இதர? எந்தத் தெருவுல குடியிருக்கான்? அவன் வீட்டு வரியாவது ஒழுங்கா கட்டுறானா?"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பின்வரிசையில் நின்ற பென்சில் சார் மெல்ல நழுவி வீட்டுக்கு நடந்தார். மறுநாளிலிருந்து ஊரில் இதே பேச்சுதான். பஸ்ஸில் டிக்கெட் எடுக்காமல் மாட்டிக்கொண்டவனைக்கூடக் கண்டக்டர் "நீ என்ன இதரவா?" என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் தங்கை வீட்டுக்குப் போனார். தங்கையின் புருஷன் தையல்காரர். முன் அறைதான் கடை. கடை என்று ஒரு வரி, வீடு என்று ஒரு வரி, இரண்டும் ஏறியிருந்தன. மெஷினிலிருந்து வாசல்வரை நீளமான சிவப்புத் துணி விரிந்து கிடந்தது. வாயாடி நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் வெள்ளைத் துணியை வைத்து எழுத்துகளை வெட்டிக்கொண்டிருந்தாள். அவள் வெட்டிக் கொடுத்ததை அப்பா சிவப்பின் மேல் வைத்துத் தைத்தார். 'இதரவை ஒழிப்போம்' என்பதில் பாதி முடிந்திருந்தது.

"மாமா, இந்த 'ழி'யைப் பாருங்க. எவ்வளவு கஷ்டம் தெரியுமா? ரெண்டு தடவை வீணாப்போச்சு," என்றாள்.

பென்சில் சார் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "மாப்பிள்ளை, அந்த இதரவுலதான் நம்ம வேன் ஓடுது."

தையல்காரர் மெஷினை நிறுத்தவில்லை. "என்ன மச்சான் சொல்றீங்க. வேன் தானமா வந்தது. கதவுலயே எழுதியிருக்கே."

"வேன்தான் தானம். டீசல் தானம் இல்லையே."

"அப்போ அதுக்குன்னு தனியா எழுதியிருப்பாங்க. புள்ளைங்க பள்ளிக்கூடம் போற செலவைப் போய் எவனாவது இதரன்னு எழுதுவானா?"

"நான்தான் எழுதினேன்."

மெஷின் நின்றது. பென்சில் சார் ஒன்றுவிடாமல் சொன்னார். தையல்காரர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு கேட்டார். கெட்ட மனிதர் இல்லை, மகள் என்றால் உயிர். ஆனால் வரிச் சீட்டு வந்த நாளிலிருந்து அவருக்குத் தூக்கம் இல்லை.

"சரி விடுங்க," என்றார் கடைசியில். "அவர் திருட்டைத்தான் நிறுத்தப்போறார். புள்ளைங்க வேனையா நிறுத்துவார்? ஜெயிச்சு வரட்டும், நானே நேர்ல போய்ச் சொல்றேன். எனக்குத் தெரியாதவரா?"

மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

திங்கள் காலையில் பென்சில் சார் டீச்சரம்மாவின் அறைக்குப் போனார். இதரவில் என்னென்ன இருக்கிறது என்று மேடையில் வாசித்துவிடலாம் என்றார். டீச்சரம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"ஒன்பது வருஷமா தப்பான தலைப்புல எழுதினோம்னு நானே மைக்ல சொல்லணுமா? அடுத்த நிமிஷம், எழுதினது யாரு, வேன்ல போறது யார் வீட்டுப் பொண்ணுன்னு கேப்பாங்க. உங்களுக்குப் பென்ஷனுக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு, இல்ல? நான் திரும்ப வந்ததும் சத்தமில்லாம சரிபண்ணிக்கலாம். இப்ப பேசாம இருங்க."

அவர் பேசாமல் இருந்தார். அதைவிடக் கேவலம், பேசாமல் இருக்கச் சொன்னது அவருக்கு நிம்மதியாக இருந்தது. மாடிப்படி இறங்கும்போதே அந்த நிம்மதியை நினைத்து அவருக்கு வெட்கமாகவும் இருந்தது. வெட்கப்பட்டாரே தவிர, திரும்பி மேலே ஏறவில்லை.

கம்பிக்கடைக்காரர் அமோகமாக ஜெயித்தார். முதல் கூட்டத்தில் முதல் தீர்மானமே இதரவை ஒழிப்பதுதான். அன்றைக்குக் கூட்டம் தொடங்குமுன் பென்சில் சார் துணிந்துவிட்டார். இதரவைப் பிரித்துப் போட்டு, வேன் எவ்வளவு, பிணம் எவ்வளவு, நர்ஸ் எவ்வளவு என்று ஒரே தாளில் எழுதிக் கொண்டுபோய்ப் புதுத் தலைவரின் முன் வைத்தார். எழுதியது தன் கைதான் என்பதையும் சொன்னார். தலைவர் இரண்டு முறை படித்தார். அவர் முகம் சுருங்கியது.

"நல்ல காரியம்தான் சார். வேண்டாம்னு யாரு சொல்லுவா? தையல்காரரும் வந்து சொல்லிட்டுப் போனார்," என்றார் மெதுவாக. "ஆனா இதரவை ஒழிக்கிறேன்னு ஊருக்கே வாக்குக் குடுத்துட்டேன். முதல் கூட்டத்துலயே அதை வச்சுக்கிட்டேன்னா என்னையும் திருடன்னுதான் சொல்லுவாங்க. நீங்க புதுத் தலைப்பு எழுதி மேல அனுப்புங்க. நான் கையெழுத்துப் போடுறேன்."

"ரெண்டு வருஷம் ஆகும் சார்."

"ஆகட்டும். முறையா நடக்கட்டும். முதல்லயே முறையா செஞ்சிருந்தா இந்தப் பேச்சே இல்லையே."

கூட்டத்தில் தீர்மானம் ஓட்டுக்கு வந்தது. எல்லாக் கைகளும் தூக்கப்பட்டன. டீச்சரம்மாவின் கட்சிக்காரர்கள்கூடத் தூக்கினார்கள். புத்தகத்தில் அந்த வரியை அடிக்க வேண்டியது தலைமைக் கணக்கரின் வேலை. பென்சிலால் ஒரு கோடு போட்டுப் பார்த்துவிட்டு, அதன் மேலேயே பேனாவால் இழுத்தார். சொந்தக் காசில் தனக்கே சூனியம் வைத்துக்கொள்வது என்றால் என்னவென்று அப்போது அவருக்குத் தெரிந்தது.

மாதக் கடைசியில் வேன் அலுவலகத்தின் பின்பக்கம் தண்ணீர் லாரிக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது. முதல் வாரம் முழுக்க வாயாடி சீருடை போட்டு, ஷூவும் மாட்டி, ஏழே காலுக்கு நாற்காலியை உருட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து காத்திருந்தாள். இரண்டாவது வாரம் ஷூ இல்லை. மூன்றாவது வாரம் சீருடையும் இல்லை. இதரவை ஒழித்ததில் தையல்காரரின் வரி கொஞ்சம் குறைந்தது உண்மைதான். வருடம் முழுக்கக் குறைந்ததைக் கூட்டிப் பார்த்தால், அவளை வாடகை வண்டியில் நாலு நாள் பள்ளிக்கூடம் அனுப்பலாம்.

ஆறாவது வாரம் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. மாணவி வருவதில்லை, இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும், நிற்பதற்கான காரணத்தைக் குறித்து அனுப்பவும் என்று இருந்தது. அந்த வீட்டில் எந்தப் படிவம் வந்தாலும் நிரப்புவது பென்சில் சார்தான். சாயங்காலம் வரச் சொல்லியிருந்தார்கள். தங்கை தேநீர் கொண்டுவந்து வைத்தாள்.

"நீங்க ஓட்டுக்கு முன்னாடியே ஊருக்குச் சொல்லியிருக்கலாமேண்ணா," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பெயர், வகுப்பு, முகவரி எல்லாம் எழுதியாயிற்று. காரணம் என்ற இடத்தில் நாலு கட்டங்கள் இருந்தன. நோய், ஊர் மாற்றம், மரணம், இதர. பென்சில் சாரின் கை அங்கேயே நின்றது.

"என்ன மச்சான், எதைப் போடணும்?" என்று தையல்காரர் மெஷினிலிருந்தே கேட்டார்.

வாயாடி நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து தாளை எட்டிப் பார்த்தாள். நாலு கட்டத்தையும் உதட்டுக்குள் படித்தாள்.

"கடைசிக் கட்டம்தான் மாமா," என்றாள். "பேனாவாலயே போட்டுடுங்க. பென்சில்ல போட்டா அங்க வாங்க மாட்டாங்க."

அவர் பேனாவைத் திறந்தார்.