அந்தோணியாருக்கு நேர்ந்த சுரைக்காய்

பங்குனி பிறப்பதற்குள் எங்கள் வீட்டு போர்வெல் தண்ணீருக்குப் பதிலாகக் காற்றைக் கக்க ஆரம்பித்தது. ஆலங்குடிப் பக்கம் எல்லா வீட்டிலும் அதே கதைதான். கொல்லையில் கத்தரி கருகியது, வெண்டை கருகியது. என் மாமியார் இன்னாசியம்மாளின் பந்தலில் ஒரே ஒரு சுரைக்கொடி மட்டும் பிஞ்சும் கையுமாக உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதுவும் போனால் அத்தை படுத்தேவிடுவார் என்று எனக்குப் பயம்.

“மழை பேஞ்சா மொதக் காய் அந்தோணியாருக்கு” என்று நேர்ந்துகொண்டார். மழை வந்தால்தான் அந்தோணியாருக்குக் காய். தண்ணீர் இருந்தால்தான் காயே. இந்தச் சிக்கல் எனக்குப் புரிவதற்குள் அத்தை வழி கண்டுபிடித்துவிட்டார். அந்தோணியார் கோயில் வாசலில் இருந்த தீர்த்தத் தொட்டி தினமும் காலியாகத் தொடங்கியது.

பங்குச் சாமியார் மரியசெல்வம் சின்ன வயதுக்காரர். ஒருநாள் காலைப் பூசை முடிந்ததும் அத்தையைச் சொம்பும் கையுமாகப் பிடித்தார். பக்கத்தில் நின்ற எனக்குத்தான் மானம் போனது.

“இது மந்திரிச்ச தீர்த்தம்மா!”

“காயும் நேந்துக்கிட்ட காய்தான் சாமி. அவரு காய்க்கு அவரு தண்ணி. நடுவுல ஒங்களுக்கென்ன?”

சாமியாருக்குப் படித்த குருமடத்தில் இதற்குப் பதில் சொல்லித்தரவில்லை போலும். மறுநாளிலிருந்து தன் வீட்டில் அரிசி களைந்த தண்ணீரை எங்களுக்குக் கொடுத்தனுப்பினார்.

காய் முழங்கை நீளத்துக்குத் தொங்கியது. மழைதான் வரவில்லை. ஈஸ்டர் அன்று அத்தை அதை அறுத்து, மீமிசல் இறால் போட்டுக் குழம்பு வைத்து, சாமியாரையே சாப்பிடக் கூப்பிட்டார்.

“அந்தோணியாருக்குன்னு சொன்னீங்களே?”

“மழை பேஞ்சாத்தான்னுல்ல சொன்னேன். பேயல. இன்னும் விட்டா முத்திப்போகும். சாப்பிடுங்க சாமி.”

தவக்காலம் முழுக்கக் கவிச்சி படாத வாய். சாமியார் மூன்றாம் முறை குழம்பு ஊற்றிக்கொண்டபோது இடி இடித்தது. மூன்று பேரும் சட்டியைப் பார்த்தோம். அடுத்த நிமிடம் மழை கொட்டியது.

அத்தை கொல்லைக்கு ஓடி, பந்தலுக்கடியில் நனைந்தபடி கொடியைத் தடவிக்கொண்டு நின்றார். எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

“ஏ ஷர்லி, டிபன் பாக்ஸ எடு!”

சட்டியில் மிச்சமிருந்ததை வழித்துப் போட்டு, சாமியார் கையில் திணித்தார்.

“நீங்கதான அங்கிட்டுப் போறீங்க, அந்தோணியாருகிட்டக் குடுத்துருங்க. எறாலு ஒண்ணுதான் கெடக்கு. சாப்பாட்டுக்கு முன்னாடியே பேஞ்சிருக்கலாம்ல, அதையும் கேட்டுட்டு வாங்க.”